பங்களாவும் கூரை வீடும்

தலைநகருக்கு வந்த நாள் முதலாக நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் சொல் ‘பங்களா’. அமைச்சர் பங்களா, அதிகாரி பங்களா என்கிறோம். கன்னாட் பிளேஸ் அருகே உள்ள பங்களா சாஹிப் குருத்துவாராவும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. 1664-இல் குரு ஹர் கிருஷண் தங்கியிருந்த ராஜா ஜெய்சிங்கின் மாளிகை இருந்த இடம் அது. செல்வத்தின் சின்னமாகிவிட்ட இச்சொல்லின் பூர்வீகமோ ஒரு குடிசை.

வங்காளத்துக் கூரை வீடே ‘பங்களா’. அங்கே மழை மிகுதி. ஆதலால் மூங்கிலை வில்லைப்போல் வளைத்து, முகடு நடுவில் உயர்ந்தும் இரு கோடியிலும் தாழ்ந்தும் இருக்குமாறு அமைத்து, அதன்மேல் வைக்கோல் வேய்ந்தனர். நீர் தேங்காமல் வழிந்தோடும். அவ்வளைவின் அழகில் மயங்கிய சிற்பிகள் அதனைச் செங்கல்லிலும் கல்லிலும் வடித்தனர். விஷ்ணுபூரில் 1655-இல் எழுந்த ஜோர் பங்களாக் கோயில், இரு குடிசைகளை ஒட்டிவைத்தாற்போன்ற தோற்றம் உடையது. ஆக்ராக் கோட்டையில் ஷாஜகான் கட்டிய காஸ் மகாலின் இருமருங்கிலும் அதே வளைவைக் காணலாம். பின்னர் வந்த ஆங்கிலேயர், சுற்றிலும் தாழ்வாரம் வைத்த கூரை வீட்டைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டனர். நாளடைவில் கூரை போயிற்று. தாழ்வாரமும் பெயரும் நிலைத்தன.

கூரை வீடு அவர்களுக்குப் புதிதன்று. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே இளமையில் வாழ்ந்த பண்ணை வீடு, ஷாட்டரி என்னும் சிற்றூரில் இன்றும் இருக்கிறது. மரச்சட்டங்கள் தாங்கும் சுவர், செங்குத்தாய்ச் சரிந்த கனத்த கூரை. 1892-இல் ஓர் அறக்கட்டளை அதனை வாங்கியது. 1969-இல் தீப்பற்றிக் கூரை பெரிதும் சேதமுற்றபோதும், மீண்டும் வேய்ந்து காத்தனர்.

நம் நிலை யாது? 2004-இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறக்க இயலாது. பிள்ளைகள் கூடும் இடத்தில் கீற்றுக் கூரை கூடாது என்பதில் இரு கருத்து இல்லை. குடிசையில் வாழ்வோருக்கு உறுதியான வீடு கிடைப்பதும் நன்றே. ஒழுகும் கூரையின் துன்பத்தைத் தொலைவில் இருந்துகொண்டு அழகென்று போற்றுதல் முறையன்று. ஆனால் கூரை நீங்கும்போது, கீற்று முடையும் கைப்பழக்கமும், சரிவு பார்த்து வேயும் கணக்கும் உடன் நீங்குகின்றன. வீட்டை மாற்றலாம்; அறிவை இழத்தல் ஆகாது.

பழைய கோட்டைக்கு எதிரே உள்ள கைவினை அருங்காட்சியகத்தில், 1972-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுந்த கிராம வீடுகளின் தொகுதி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வோம். விடுமுறையில் ஊர் செல்லும்போது, முகட்டு வளை எது, வரிச்சு எது, இறவாரம் எது எனப் பெரியவர்களிடம் கேட்டு அவர்களை எழுதி வரச் செய்வோம். சொல்லித்தர அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் நன்று.