உப்புக் காற்றோடு மல்லுக்கட்டும் பெட்டி: உங்களுக்குத் தெரியுமா?

மன்னார்த் தீவின் பேசாலையில் ஜன்னல் கம்பியை விரலால் தடவினாலே பிசுபிசுக்கும். அதே உப்புக் காற்றைத்தான் ஏ.சி.யின் வெளிப்பெட்டி ஓடும் நேரமெல்லாம் இழுத்துத் தள்ளுகிறது. அந்தப் பெட்டிக்குள் எத்தனை அதிசயம், பாருங்கள்!

கடல் எப்படி வீட்டுக்கு வருகிறது தெரியுமா?
அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளை மேலே வீசுகின்றன. மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். மன்னார் ஒடுங்கிய தீவு. வாடை வீசினால் வடகடல் உப்பு, சோளகம் வீசினால் தென்கடல் உப்பு! தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுத்தான்.

ஒரு தொன் ஏ.சி. என்றால் என்ன தெரியுமா?
பெட்டியின் எடை அல்ல! 24 மணி நேரத்தில் 907 கிலோ ஐஸை உருக்கத் தேவையான வெப்பம் அது. கடையில் (மணிக்கு) 12,000 பி.ரி.யு. என்பதும் அதுவே. மீனுக்கு ஐஸ் போடும் ஊருக்கு அது எவ்வளவு என்று சொல்ல வேண்டுமா? அத்தனை வெப்பத்தையும், கம்பிரசர் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளிப்பெட்டிதான் கொட்டித் தீர்க்க வேண்டும். தகடுகள் அடைபட்டால் கம்பிரசர் திணறும், கரண்ட் பில் ஏறும்!

மழையே இல்லாமல் தகடு நனையும், தெரியுமா?
காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். பெட்டிக்குள் செப்புக் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் ஒட்டி நிற்கின்றன. இடையில் உப்புநீர் புகுந்தால் அங்கேயே ஒரு மின்கலம் உருவாகிறது! அதில் கரைந்துபோவது அலுமினியம். தகட்டில் பூக்கும் வெள்ளைப் பொடி அதன் அடையாளம். சில பெட்டிகளின் தகடு நீலமாக இருப்பதும் அழகுக்கல்ல, அரிப்பைத் தாமதப்படுத்தும் பூச்சு அது.

மழை பெட்டிக்கு நண்பன், தெரியுமா?
மழை உப்பைக் கழுவிவிடும். மழை படாத மூலையில் உப்பு படிந்தபடியே கிடக்கும். அதனால்தான் மழையில்லாமல் காற்று மட்டும் அடிக்கும் சோளகக் காலம் பொல்லாதது. பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினாலோ, ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டுவிடும்!

உப்பு மூட்டத்துக்கே ஒரு பரிசோதனை உண்டு, தெரியுமா?
1939-இலேயே அமெரிக்காவில் அதற்குத் தரமுறை வகுத்துவிட்டார்கள். 5 சதவீத உப்புக் கரைசலை 35 பாகை செல்சியஸில் மூட்டமாகத் தூவி உலோகங்களைச் சோதிக்கிறார்கள். கடல்நீரில் இருப்பதோ சுமார் 3.5 சதவீதம்தான்!

மருந்து வெறும் நல்ல தண்ணீர், தெரியுமா?
கடலால் வந்ததும் படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுகிறோமே, அதே வைத்தியம்தான்! சோளகக் காலத்தில் மாதம் ஒருமுறையாவது செய்யுங்கள். முதலில் பிரேக்கரை நிறுத்துங்கள். விசிறி முழுதாக நின்றபின், பின்பக்கத் தகடுகளில் மேலிருந்து கீழாக, ஹோஸ் தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பைத் திரும்பப் பூசியதாகிவிடும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும், கம்பிப் பிரஷ் பூச்சைச் சுரண்டிவிடும். மூடியைக் கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்!

இன்றைக்கே பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். தகடு பளபளத்தால் கழுவுங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால், தாமதிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்!