ஓட்டையைச் சொன்னவர் மீதே வழக்கா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையையும் இலங்கையையும் சூறையாடிய பிறகு, பிரிட்டனின் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து இணையத்தில் நிவாரண நிதி திரட்டின. டிசம்பர் 31 அன்று லண்டனில் இருந்த கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் அந்தத் தளத்தில் 30 பவுண்ட் செலுத்தினார். பணம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் எந்தப் பதிலும் வரவில்லை. போலித் தளத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. முகவரிப் பட்டையில் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்று மூன்று முறை தட்டிப் பார்த்தார். தளத்தின் மேலடுக்குக் கோப்புறைகள் திறந்து கிடக்கின்றனவா என்று பார்க்கும் மிக எளிய சோதனை அது. திறக்கவில்லை என்றதும் விட்டுவிட்டார். ஆனால் அந்தச் சில எழுத்துகள் ஊடுருவலைக் கண்காணிக்கும் அமைப்பில் பதிவாகிவிட்டன. கைது நடந்தது, வேலை போனது. 2005 அக்டோபரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று அறிவித்து 400 பவுண்ட் அபராதமும் 600 பவுண்ட் வழக்குச் செலவும் விதித்தது. அவர் எதையும் எடுக்கவில்லை, எதையும் கெடுக்கவில்லை. நீதிபதியே வருத்தத்தோடுதான் தீர்ப்புச் சொன்னார். பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுக் கணினிச் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அனுமதி இல்லை என்று தெரிந்தே நுழைய முயன்றாரா? ஏன் முயன்றார் என்பது அந்தச் சட்டத்துக்குப் பொருட்டல்ல.

அது பொருட்டாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். கை தவறி ஒருவர் சாவுக்குக் காரணமாவதையும் திட்டமிட்டுக் கொல்வதையும் எந்த நாட்டுக் குற்றவியல் சட்டமும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மனத்தில் இருந்ததை வைத்தே குற்றத்தின் பெயரும் தண்டனையும் மாறுகின்றன. கணினி என்று வந்ததும் மட்டும் பல சட்டங்கள் ‘அனுமதியில்லாமல் நுழைந்தார்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. இதற்கு அவை பிறந்த காலமும் ஒரு காரணம். இளவரசர் பிலிப்பின் மின்னணு அஞ்சல் பெட்டிக்குள் புகுந்து பார்த்த இருவரைத் தண்டிக்கப் பொருத்தமான சட்டம் இல்லாததால், 1988இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவர்களின் விடுதலையை உறுதி செய்தது. இரண்டே ஆண்டுகளில் புதிய சட்டம் வந்தது. தப்பவிட்டுவிட்டோம் என்ற பதற்றத்தில் வீசிய வலை அது. சிறு மீனும் சிக்கும் அளவுக்கு அதன் கண்கள் நெருக்கமாக இருந்தன.

அதே 1988இல் அமெரிக்காவில் நடந்தது இன்னும் சிக்கலானது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் நவம்பர் 2 அன்று ஒரு நிரலை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். அன்றைய பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்று காட்டுவதே அவர் நோக்கம் என்பதை நீதிமன்றமும் பதிவு செய்தது. தான் ஏற்கெனவே குடியேறிய கணினியில் மறுபடி ஏறாமல் இருக்க அந்த நிரல் முதலில் விசாரித்துக்கொள்ளும். அந்தக் கேள்விக்குப் பொய்யாக ‘ஆம்’ சொல்லித் தடுத்துவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு முறை பதில் எதுவானாலும் ஏறிக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அந்தக் கணக்குதான் பிசகியது. படி மேல் படியாக நிரல் பெருகி, ஏறத்தாழ 6,000 கணினிகள் திணறின. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சேதம் விளைவிக்கும் எண்ணம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை, அனுமதியின்றி நுழையும் எண்ணம் இருந்தாலே போதும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையைப் பாருங்கள்: சிறை இல்லை, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். குற்றமா என்று முடிவு செய்யும்போது வெளியே நிறுத்தப்பட்ட நோக்கம், தண்டனையின் போது உள்ளே வந்தது. அலட்சியத்துக்குத் தண்டனை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். அலட்சியக்காரரையும் கொள்ளையரையும் ஒரே பெயரால் அழைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் ஒரு படி மேலே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதே செயலை ‘நேர்மையின்றி அல்லது மோசடியாக’ச் செய்தால்தான் 66ஆம் பிரிவின்படி அது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்தச் சொற்கள் பொன்னானவை. ஆனால் அவை பலன் தருவது வழக்கு விசாரணைக்கு வந்த பிறகு. 66ஆம் பிரிவில் ஜாமீன் உண்டு என்றாலும், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். நோக்கம் என்ன என்று நீதிமன்றம் ஆராயும் நாளுக்கு முன்பே லேப்டாப், கைப்பேசி, வேலை எல்லாம் போய்விடக்கூடும். 2018 ஜனவரியில் ‘தி ட்ரிப்யூன்’ நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 500 ரூபாய் கொடுத்தால், ஆதார் எண்ணைத் தட்டியதும் உரியவரின் பெயர், முகவரி, படம் எல்லாம் காட்டும் நுழைவு வழி பத்து நிமிடத்தில் கிடைக்கிறது என்றது அது. செய்தியாளர் ஆதார் அதிகாரிகளிடம் விவரம் சொல்லிக் கருத்தும் கேட்டிருந்தார். ஆதார் ஆணையத்தின் புகாரில் டெல்லி போலீஸ் பதிந்த முதல் தகவல் அறிக்கையில், நுழைவு வழியை விற்றவர்களோடு அதை அம்பலப்படுத்திய செய்தியாளரின் பெயரும் இருந்தது. இதைவிடக் கடுமையானது 70ஆம் பிரிவு. அரசு ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவித்த கணினிக்குள் அனுமதியின்றி நுழைய முயன்றாலே பத்து ஆண்டு வரை சிறை. அங்கே நேர்மையின்மை, மோசடி என்ற சொற்களே இல்லை. நாட்டின் மிக முக்கியமான கணினிகளில் உள்ள ஓட்டையைச் சொல்லத்தான் மிக அதிகமாகப் பயப்பட வேண்டியிருக்கிறது.

பிடிபட்டவர்கள் எல்லாரும் ‘சோதித்துப் பார்த்தேன்’ என்றுதானே சொல்வார்கள், மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கொலை வழக்கிலும் யாரும் மனத்துக்குள் புகுந்து பார்ப்பதில்லை, நடத்தையிலிருந்துதான் எண்ணத்தை அறிகிறோம். கணினியில் அந்த நடத்தைக்கு நிமிடக் கணக்கில் பதிவு இருக்கிறது. ஓட்டை இருப்பதை உறுதி செய்ய ஒரு பதிவைப் பார்த்து நிறுத்தினாரா, ஒரு லட்சம் பதிவுகளை இறக்கிக்கொண்டாரா? கண்டதை முதலில் யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார்? பணம் கேட்டாரா? தடயத்தை அழித்தாரா? அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2021இல் செய்தியாளர் ஒருவர், கல்வித் துறைத் தளத்தின் பக்க மூலத்தில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் கிடப்பதைக் கண்டார். எந்த உலாவியிலும் யாரும் பார்க்கக்கூடிய பக்கம் அது. துறைக்குத் தகவல் சொல்லி, சரிசெய்யும்வரை அவருடைய பத்திரிகை செய்தியை வெளியிடாமல் காத்திருந்தது. ஆனாலும் மாநில ஆளுநர் மைக் பார்சன் அவரை ‘ஹேக்கர்’ என்று சொல்லி வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்தச் செய்தியாளரின் எண்ணத்தை அறிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்ததே போதிய சாட்சி.

‘என் வீட்டுப் பூட்டை அந்நியர் ஆட்டிப் பார்த்தால் விடுவேனா?’ என்பது அடுத்த கேள்வி. வீடு உங்களுடையது, அதற்குள் இருப்பதும் உங்களுடையது. ஒரு மருத்துவமனையின் கணினியில் இருப்பதோ நோயாளிகளின் உடல்நிலை, அவர்களின் முகவரி. பூட்டு கழன்று கிடப்பதை அறிய அவர்களுக்கு உரிமை உண்டு, நிர்வாகம் கூச்சப்படுகிறது என்பதற்காக அது இல்லாமல் போகாது.

இதற்கு வழி கண்ட நாடுகள் உண்டு. அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்காக யார் மீதும் மத்தியக் கணினிச் சட்டத்தில் வழக்குத் தொடர வேண்டாம் என்று தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. ஓட்டையைக் கண்டுபிடித்து மிரட்டிப் பணம் பறிப்பவர் ‘ஆய்வு’ என்று சொல்லித் தப்ப முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது கொள்கை மட்டுமே, நாளை வேறு அரசு மாற்றிவிடலாம். பெல்ஜியத்தில் 2023 பிப்ரவரியில் இது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. கெடுக்கும் எண்ணம் கூடாது, தேவைக்கு மேல் தோண்டக் கூடாது, கண்டதைத் தாமதமின்றி உரியவரிடமும் அரசின் இணையப் பாதுகாப்பு மையத்திடமும் தெரிவிக்க வேண்டும், அனுமதியின்றி வெளியிடக் கூடாது. இவற்றுக்குக் கட்டுப்பட்டவர்களுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

இந்தியாவிலும் ஓட்டைகளைத் தெரிவிக்க செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. தெரிவிப்பவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. 43, 70 ஆகிய பிரிவுகளுக்கு நாடாளுமன்றம் ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்: தீங்கு எண்ணமின்றிச் சோதித்து, உடனே செர்ட்-இன்னுக்குச் சொன்னவர் மீது வழக்கு இல்லை. அதுவரை, கணினி தொடர்பான புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கையில் ஒருவர் பெயரைச் சேர்க்கும் முன் அவர் யாரிடம், எப்போது சொன்னார் என்று காவல் துறை கேட்க வேண்டும்.