ஒரு கிடாயும் பத்துப் பெட்டையும்

வியாழக்கிழமை விடியற்காலையில் அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? வடமதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. பொழுது புலர்வதற்கு முன்பே வெள்ளாடும் செம்மறியும் நாட்டுக்கோழியும் வந்து குவிந்துவிடும். தீபாவளி, பொங்கல் சமயங்களில் கால் வைக்க இடமிராது. சென்ற ஆண்டு ஒரு வியாழனன்று என் சித்தப்பாவுடன் நானும் அங்கே போயிருந்தேன். அவர் நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வடமதுரைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. அதில் செம்மறி வளர்க்க வேண்டும், அதுவும் அருகிவரும் நாட்டினம் ஒன்றையே வளர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

சந்தையில் அன்று நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை. கறிக்கு ஆடு வாங்கவோ, வளர்த்து விற்கக் குட்டி வாங்கவோ அய்யலூரைப் போல வேறு இடமில்லை. ஆனால் ஓர் இனத்தைக் காப்பதற்கு ஆடு வாங்க வந்தவனுக்குச் சந்தை உதவாது. நிற்கும் ஆட்டின் தாய் எது, தகப்பன் எது, எந்த ஊர்ப் பட்டியிலிருந்து வந்தது என்பதெல்லாம் இரண்டு கை மாறியபோதே மறைந்துபோயிருக்கும்.

அப்படியானால் எந்த இனத்தை எடுப்பது? எங்கே வாங்குவது? நான் இயற்பியல் ஆசிரியன். ஆட்டைப் பற்றிச் சித்தப்பாவுக்குத் தெரிந்ததில் கால் பங்குகூட எனக்குத் தெரியாது. ஆயினும் இந்தக் கேள்விகளுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் இனங்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக்கு உரியவையாகப் பத்துச் செம்மறி இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன. சென்னைச் சிவப்பு, மேச்சேரி, திருச்சிக் கருப்பு, கோயம்புத்தூர், இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர், செவ்வாடு, நீலகிரி, கச்சைக்கட்டிக் கருப்பு என்பன அவை. நாட்டிலுள்ள கால்நடை இனங்களை ஆராய்ந்து பதிவு செய்யும் தேசியப் பணியகம் அரியானாவின் கர்னாலில் 1985 முதல் இயங்கி வருகிறது.

இவற்றில் நீலகிரி ஆடு அருமையானது; மென்மையான கம்பளி தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டு ஆட்டுடன் மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே உள்ளது. ஆனால் மலைக் குளிருக்குப் பிறந்த அந்த ஆட்டை வடமதுரைச் சித்திரை வெயிலில் கட்டிவைப்பது பாவம். மேச்சேரி இனம் நம் மாவட்டத்தின் ஒரு பகுதி வரையிலும் பரவியிருக்கிறது. அதன் தோலுக்கு நல்ல மதிப்பு உண்டு. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் அதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நல்ல ஆடுதான், ஆனால் அரிய இனம் என்று சொல்ல முடியாது.

சித்தப்பாவின் கண் கச்சைக்கட்டிக் கருப்பின் மேல் விழுந்தது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் வாடிப்பட்டிக்கு அருகே உள்ள கச்சைக்கட்டி என்ற ஊரின் பெயரால் வழங்கும் இனம் அது. உடல் முழுதும் கருப்பு. கிடாய் முட்டுக்குப் பெயர் பெற்றது. வாடிப்பட்டி வட்டாரமே அதன் தாயகம். தாயகம் இவ்வளவு குறுகியிருப்பதே அதற்கு ஆபத்து.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. கருப்பு நிறம் வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோமே, வெயில் நாட்டில் கருப்பு ஆடு எப்படி வாழும்? நெகேவ் பாலைவனத்தின் கருப்பு வெள்ளாடுகளைப் பற்றி 1980-இல் ஓர் ஆய்வு வெளியானது. வெயிலில் நிற்கும்போது அவை வெள்ளை நிற ஆடுகளைவிட மிகுதியான வெப்பத்தை ஏற்கவே செய்தன. அதை ஈடுகட்ட அதிக நீரை ஆவியாக்கின. அங்கே குளிர்காலத்தில் அந்த நிறமே அவற்றுக்கு ஆதாயமாயிற்று. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குளிர்காலம் ஏது? ஆகவே கருப்பு ஆடு வளர்ப்பவர் வேப்பமர நிழலுக்கும் தொட்டித் தண்ணீருக்கும் முதலில் வழி செய்துவிட வேண்டும்.

சித்தப்பாவுக்கு ஒரு தரகர் வழி சொன்னார். ஒரே பட்டியில் பத்துப் பெட்டையும் ஒரு கிடாயும் சேர்த்துக் கிடைக்கும், விலையும் குறையும். கேட்பதற்கு நன்றாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

அமெரிக்க அறிவியலார் சீவல் ரைட் 1915 முதல் பத்து ஆண்டுகள் அந்நாட்டு வேளாண்மைத் துறையில் பணியாற்றினார். அங்கே கினிப்பன்றிகளில் அண்ணனையும் தங்கையையும் தலைமுறை தலைமுறையாக இணைத்தால் என்ன ஆகிறது என்பதை ஆராய்ந்தார். வலுவும் ஈனும் திறனும் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வோர் உயிரும் சில கேடான மரபணுக்களை மறைவாகச் சுமக்கிறது. நெருங்கிய உறவுக்குள் இணையும்போது ஒரே கேடான மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்து குட்டியில் சேர்ந்துகொள்கிறது. மறைந்திருந்த கேடு வெளிப்படுகிறது. இதை உறவுக் கலப்பு என்போம்.

ஒரு பட்டியில் உறவுக் கலப்பு எவ்வளவு வேகமாக ஏறும்? 1931-இல் ரைட் இதற்கு ஒரு கணக்கு தந்தார். கிடாய்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்குங்கள். அதை நான்கால் பெருக்கி, கிடாயும் பெட்டையும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். கிடைப்பது பட்டியின் 'பயனுறு எண்ணிக்கை'. அதை இரட்டித்து, ஒன்றை அதனால் வகுத்தால், தலைமுறைக்குத் தலைமுறை உறவுக் கலப்பு ஏறும் வேகம் கிடைக்கும்.

சித்தப்பாவின் பட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிடாய், பத்துப் பெட்டை: நாற்பதைப் பதினொன்றால் வகுத்தால் 3.64. கண்ணுக்குத் தெரிவது பதினோர் ஆடு. மரபு வளத்தின் கணக்கில் நான்கு ஆடுகூட இல்லை! உறவுக் கலப்பு தலைமுறைக்கு ஏறத்தாழ 13.75 விழுக்காடு ஏறும். ஆட்டில் ஒரு தலைமுறை என்பது சுமார் மூன்று ஆண்டு. பத்தாண்டுக்குள் மரபு வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இதுவும் வாங்கும் ஆடுகள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஒரே பட்டியில் வாங்கினால் நிலைமை தொடக்கத்திலேயே இதைவிட மோசம்.

"பத்துக்குப் பதிலா இருபது பெட்டையா வாங்கிட்டா சரியாப் போயிடாதாப்பா?" என்றார் சித்தப்பா.

இந்தக் கேள்விக்கு விடை பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை என்ன? ரைட்டின் வாய்பாடும் அதுவேதான். கிடாயின் எண்ணிக்கையைப் போல நான்கு மடங்கு ஒரு தடை. பெட்டையின் எண்ணிக்கையைப் போல நான்கு மடங்கு இன்னொரு தடை. 4 ஓமும் 40 ஓமும் பக்க இணைப்பில் 3.64 ஓம். நாற்பதை எண்பது ஆக்குங்கள்: 3.81. நூறு பெட்டை வாங்கி 400 ஓம் ஆக்குங்கள்: 3.96. ஆயிரம் பெட்டை வாங்கினாலும் நான்கை எட்டாது. பக்க இணைப்பில் சிறிய தடையே மொத்தத்தைத் தீர்மானிக்கும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். இங்கே சிறிய தடை கிடாய். பிறக்கும் எல்லாக் குட்டிகளிலும் மரபணுக்களில் பாதி அந்த ஒரே விலங்கின் வழியாகத்தானே வந்தாக வேண்டும்!

பத்துப் பெட்டைக்கு இன்னொரு கிடாய் மட்டும் சேர்த்துப் பாருங்கள். பயனுறு எண்ணிக்கை 6.67 ஆகிறது, உறவுக் கலப்பின் வேகம் 7.5 விழுக்காடாக இறங்குகிறது. தொண்ணூறு பெட்டைகளால் ஆகாததை ஒரு கிடாய் செய்துவிடுகிறது. ஆனால் அது முதல் கிடாய்க்கு உடன்பிறப்பாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் இரண்டாவது தடையை இணைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, மின்சுற்றில் அது முழுதாகச் சேராது.

முட்டுக்கிடாய் ஆர்வம் இந்த இனத்தை வாழவைத்தது உண்மை. அதே ஆர்வம் இதற்கு எதிராகவும் திரும்பலாம். பேர் வாங்கிய ஒரே கிடாயைச் சுற்று வட்டாரம் முழுவதும் இணைக்குக் கேட்டால், ஊருக்குள் ஆயிரம் ஆடு இருந்தும் பயனுறு எண்ணிக்கை சுருங்கிப்போகும்.

உறவுக் கலப்பின் வேகம் தலைமுறைக்கு ஒரு விழுக்காட்டைத் தாண்டாமலிருக்கப் பயனுறு எண்ணிக்கை ஐம்பதாவது வேண்டும் என்பது உலகெங்கும் இனக் காப்பில் கொள்ளப்படும் அளவு. மூன்று ஏக்கர்க்காரர் ஒருவரால் இது ஆகாது. ஆனால் பத்துப் பேர், ஆளுக்கு இருபது பெட்டையும் இரண்டு கிடாயும் வைத்தால்? மொத்தம் 200 பெட்டை, 20 கிடாய். பயனுறு எண்ணிக்கை 72.7. கிடாய்கள் மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த பட்டிக்கு மாற வேண்டும். முதல் பட்டியின் கிடாய் இரண்டாவதற்கு, இரண்டாவதன் கிடாய் மூன்றாவதற்கு, கடைசிப் பட்டியின் கிடாய் முதலாவதற்கு எனச் சுற்றி வரும். எந்தக் கிடாயும் தன் மகளிடம் சேராது.

இனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே அளவுகோல். எந்த ஆடு அழகு, எது அரிது என்று பார்ப்பதற்கு முன், இரண்டு ஆண்டு கழித்து உறவில்லாத புதுக் கிடாய் எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். வடமதுரைக்காரருக்கு வாடிப்பட்டி எட்டும் தூரம். வேம்பூர் ஆட்டுக்குத் தூத்துக்குடி மாவட்டம் வரை போக வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் ஓர் இனம் பல இடங்களில் இருப்பது நல்லது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே நார்த் ரொனால்ட்சே என்ற தீவில் கடற்பாசி தின்று வாழும் ஓர் ஆட்டினம் உண்டு. ஏதேனும் விபத்தோ நோயோ வந்தால் இனமே அழியும் என்று அஞ்சி, பிரிட்டனின் அரிய இனங்கள் காப்பு அமைப்பு 1974-இல் லிங்கா ஹோம் என்ற வேறொரு தீவை வாங்கி அங்கும் ஒரு மந்தையைக் குடியேற்றியது. நமக்குத் தீவு வேண்டாம். வாடிப்பட்டிக்கு வெளியே நாலு பட்டி இருந்தால் போதும்.

வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. திருச்சிக் கருப்பும் கருப்புதான்; வேறு நிறத் தாய்க்கும் கருப்புக் குட்டி பிறப்பதுண்டு. பட்டிக்கே போய்த் தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பார்த்து வாங்க வேண்டும். கீழ்வாயில் இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் ஆட்டுக்கு வயது ஒன்று, ஒன்றரை. எட்டும் முளைத்திருந்தால் நான்கை நெருங்கிவிட்டது. வந்த ஆடுகளை மூன்று நான்கு வாரம் தனியே கட்டி, குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொள்ளை நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட வேண்டும். ஐயமிருந்தால் திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேட்கலாம்.

சித்தப்பா தரகரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். மூன்று ஊர்ப் பட்டிகளில் தேடி எட்டுப் பெட்டை வாங்கினார். இரண்டு கிடாய்களை வேறு இரண்டு ஊர்களில் பிடித்தார். செலவு கூடுதல்தான், அலைச்சலோ சொல்லி முடியாது. ஒவ்வொரு குட்டிக்கும் தாய் எது, தகப்பன் எது என்று பழைய மில் டைரி ஒன்றில் எழுதி வருகிறார். தகப்பன் யாரென்று குழப்பம் வராமலிருக்க, ஒரு கிடாயைக் கட்டிவைத்துவிட்டு மற்றதை அவிழ்த்துவிடுகிறார். வருகிற தையில் கிடாய் மாற்றிக்கொள்ள இதுவரை இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஏழு பேர் வேண்டும்.