சொட்டு நீர் மானியம்: பட்டாதாரருக்கு 100 சதவீதம்... குத்தகைக்காரருக்கு என்ன வழி?

தர்மபுரி:

சொட்டு நீர் பாசனம் அமைக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு தமிழக அரசு 100 சதவீதம் மானியம் கொடுக்கிறது. மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதம். ஆனால் சொந்த நிலம் இல்லாமல் குத்தகைக்கு எடுத்து பாடுபடுகிறவர், ஒரு பத்திரம் இல்லாத காரணத்தால் இந்த மானியத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.

எதற்காக மானியம்?

விவசாய பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம். மோட்டாரை போட்டு விட்டால் வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் பாதி வரப்பிலும் வெயிலிலும் வீணாகிறது. போர் போட்டவர்கள் வருஷத்துக்கு வருஷம் ஆழத்தை கூட்டிக்கொண்டே போகிறார்கள். சொட்டு நீரில் செடியின் வேருக்கு மட்டும் தண்ணீர் போகும். களையும் குறையும். அந்த தண்ணீரை காப்பாற்றத்தான் அரசு பணம் செலவு செய்கிறது. மத்திய அரசு ஒரு பங்கு தருகிறது. மீதியை மாநில அரசு போடுகிறது.

யாருக்கு எவ்வளவு?

2½ ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி. 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. இவர்களுக்கு 5 ஏக்கர் வரை முழு மானியம். மற்றவர்களுக்கு 12½ ஏக்கர் வரை 75 சதவீதம். அரசு நிர்ணயித்த தொகைக்கு மேல் செலவானால் அதை விவசாயிதான் கட்ட வேண்டும். ஒரு முறை வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டு கழித்துத்தான் மறுபடியும் மானியம் கிடைக்கும்.

சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ ஆகியவற்றுடன் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்துபோன அப்பா பெயரில் பட்டா இருந்தால், முதலில் வாரிசு சான்று வாங்கி பட்டாவை மாற்றிக்கொள்வது நல்லது.

சிக்கல் எங்கே?

பாலக்கோடு பக்கம் 2 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து தக்காளி போடுகிறவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கும் மானியம் உண்டு என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் குறைந்தது 7 ஆண்டுக்கு குத்தகை பத்திரம் இருக்க வேண்டும். ஊரில் குத்தகை எல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். இந்த வருஷம் ஒருத்தர், அடுத்த வருஷம் இன்னொருத்தர்.

நிலத்துக்காரர் ஏன் எழுதிக்கொடுக்க தயங்குகிறார்? 1955-ம் ஆண்டு சட்டம் குத்தகைதாரரை இஷ்டத்துக்கு வெளியேற்ற விடாது. 1969-ம் ஆண்டு சட்டப்படி குத்தகை உரிமையை அரசு பதிவேட்டிலும் ஏற்றலாம். எழுதிக்கொடுத்தால் நிலமே கைவிட்டு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

சரி, நிலத்துக்காரரே தன் பெயரில் விண்ணப்பித்தால்? அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அவருக்கு 10 ஏக்கர் இருந்தால் அவர் சிறு விவசாயி இல்லை. 75 சதவீதம்தான் வரும். மீதி 25 சதவீதத்தை யார் போடுவது? குத்தகைக்காரர் போட்டால், அடுத்த வருஷம் நிலம் கை மாறும்போது குழாய் நிலத்தோடு நின்றுவிடும். போட்ட காசு போனது போனதுதான்.

என்ன செய்யலாம்?

7 ஆண்டுக்கு ஒப்புக்கொள்ளும் நிலத்துக்காரர் கிடைத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் பத்திரம் எழுதி பதிவு செய்துகொள்ள வேண்டும். நிலத்துக்காரர் பெயரில்தான் போடுவது என்றால், 25 சதவீதத்தை கொடுக்கும் முன்பே எத்தனை வருஷம் நிலம் தன் கையில் இருக்கும் என்பதை எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

தண்ணீர் கட்டுகிறவன் கைக்கு குழாய் போய் சேர்ந்தால்தான் தண்ணீர் மிச்சமாகும். பட்டா தண்ணீர் கட்டுவதில்லை.