கட்டைவிரலே பிரேக்

தூண்டில் கோலில் நரம்பைச் சுற்றி வைக்கும் பெய்ட்காஸ்ட் ரீலை முதன்முதலாக வீசிப் பார்ப்பவருக்கு மீன் கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு குருவிக்கூடு கட்டாயம் கிடைக்கும். கோலை வீசிய மறுகணமே ரீலுக்குள் இருக்கும் நரம்பு வளையம் வளையமாகப் பொங்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, கெட்டியான சிக்காகிவிடும். முன்னால் போன இரை பாதி வழியில் வெடுக்கென்று இழுபட்டு விழும். ஏரிக்கரையில் இப்படி ஆனால் அன்றைய மாலைப் பொழுது சிக்கெடுப்பதிலேயே கழியும். வீட்டுக் கொல்லையில் ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பிரிக்கலாம். கைதேர்ந்தவர்கள் புது ஆட்களைத் தண்ணீருக்கு அனுப்புமுன் புல்தரைக்கு அனுப்புவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தண்ணீர் எதிரில் இருந்தால் மனம் மீனிடம் போய்விடும். இரை எங்கே விழுந்தது என்பதைக்கூட அலை மறைத்துவிடும். புல்தரையில் மீன் இல்லை. கையில் இருக்கும் இயந்திரமும் அதை இயக்கும் கையும் மட்டும்தான். குறி ஒரு முழம் தவறினால் அந்த ஒரு முழம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

தூண்டில் வீச்சு என்றால் பலமாக எறிவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொஞ்ச நேரம் பழகிப் பார்த்தால் விஷயம் தலைகீழ் என்று தெரியும். வீசத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவதே பெரிய வேலை. கையை எங்கே நிறுத்துவது, ரீலை எப்போது நிறுத்துவது என்ற இரண்டும் பிடிபட்டால் மீதி தானாக வந்து சேரும்.

முதலில் கோலைப் பார்ப்போம். இன்று கடைகளில் கிடைக்கும் கோல்களில் பெரும்பாலானவை கார்பன் இழையால் ஆனவை. கோலைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரும்போது, நுனியில் தொங்கும் இரையின் எடை அதைப் பின்னுக்கு வளைக்கிறது. அந்த வளைவில் ஆற்றல் சேர்கிறது. கை சட்டென்று நின்றதும் கோல் நிமிர்ந்து, சேர்த்து வைத்த ஆற்றலை இரைக்குக் கொடுத்துவிடும். கை நிற்காமல் தரைவரை கீழே போய்க்கொண்டே இருந்தால் இரையும் தரையை நோக்கித்தான் போகும். அதனால்தான் எவ்வளவு ஓங்கி வீசினாலும் சிலருக்குத் தூரம் வருவதில்லை.

பூச்சி போன்ற எடையற்ற இரையை வீசும் ஃப்ளை காஸ்டிங்கில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே தடித்த நரம்புதான் எடை. பின்னால் ஒரு நிறுத்தம், முன்னால் ஒரு நிறுத்தம். இரண்டும் கூர்மையாக இருந்தால் நரம்பு காற்றில் குறுகிய வளையமாக விரிந்து ஓடும். அமெரிக்காவின் ஜோன் வுல்ஃப் நியூ ஜெர்ஸியில் சிறுமியாக இருந்தபோதே இதைப் பழகியவர். நடனமும் கற்றுக் கொடுத்தவர். 1951இல் தேசியப் போட்டியின் தூர வீச்சுப் பிரிவில் களத்தில் இருந்த ஆண்கள் அனைவரையும் வென்றார். தோள்பலம்தான் தூரம் என்றிருந்தால் அது நடந்திருக்காது.

இனி ரீலுக்கு வருவோம். இதன் வரலாற்றில் கடிகாரக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள் என்பது வேடிக்கை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூல் பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்த ரீல்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இருந்தன. ஆனால் அவை நரம்பைச் சுற்றி எடுக்கத்தான் லாயக்கு. ஸ்பூல் தடையின்றிச் சுழன்று, இரையின் எடையே நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும் அளவுக்கு நுட்பமாக ரீல் செய்தவர் என்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ் ஸ்னைடரைச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் கடிகாரம் செய்து வந்தவர். இன்றைய பெய்ட்காஸ்ட் ரீல் அந்த வழியில் வந்ததுதான்.

கடிகாரத்தைப்போல் லகுவாகச் சுழலும் ஸ்பூல் வந்ததும் கூடவே சிக்கும் வந்தது. அதிலிருந்து தப்பிக்க மற்றவர்கள் தேடிய வழி, ஸ்பூலைச் சுழலவே விடாமல் இருப்பது. ஆலைத் தறிக்கு நூல் உருவிச் செல்லும் விதத்தை அறிந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்ற இங்கிலாந்துக் கம்பளி ஆலை முதலாளி, 1905இல் நிலையான ஸ்பூல் கொண்ட ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் அதிகம் புழங்கும் ஸ்பின்னிங் ரீலின் மூதாதை அதுதான். அதில் ஸ்பூல் அசையாது. நரம்பு அதன் விளிம்பு வழியாக வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். இரண்டாவது கடிகாரக்காரர் டெக்சாஸைச் சேர்ந்த ஆர்.டி. ஹல். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர், அசையாத நூல்கண்டிலிருந்து நூலைச் சிக்கின்றி உருவியதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்ததாம். 1940களின் இறுதியில் அதை அவர் கொண்டுபோனது ஓக்லஹோமாவின் டல்சாவில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரவெடி செய்துகொண்டிருந்த ‘ஜீரோ ஹவர் பாம்ப் கம்பெனி’ என்ற நிறுவனத்திடம். மூடிய முகப்பு கொண்ட ‘ஜெப்கோ’ ரீல் 1949இல் அங்கிருந்து வெளிவந்தது. குழந்தைகளுக்கு முதலில் வாங்கிக் கொடுக்க இன்றும் அதைவிடச் சுலபமான ரீல் இல்லை.

அப்படியானால் தொல்லை பிடித்த பெய்ட்காஸ்ட் எதற்கு? கனமான நரம்பையும் கனமான இரையையும் அது தாங்கும். அதைவிட முக்கியமாக, இரை பறக்கும்போதே அதன் வேகத்தை விரலால் கட்டுப்படுத்தி, நினைத்த இடத்தில் இறக்கலாம். அல்லிக்கொடிகளுக்கு நடுவே இருக்கும் கையகல இடைவெளியில் ரப்பர் தவளையை இறக்கி விராலைக் கிளப்ப நினைப்பவர்களும், முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு நிற்பவர்களும் இதை விரும்புவது அதனால்தான்.

சிக்கு எப்படி உண்டாகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கொல்லையில் 12 மீட்டர் தூரத்துக்கு இரையை மெதுவாக வீசுகிறோம். அது நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஸ்பூலின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 10.7 சென்டிமீட்டர் நரம்பு வெளியேறும். ஆக, ஸ்பூல் நொடிக்கு 112 சுற்று, நிமிடத்துக்கு 6,700 சுற்று சுழல வேண்டும். நம் வீட்டு மின்விசிறி முழு வேகத்திலும் நிமிடத்துக்கு 350 சுற்றைச் சுற்றித்தான் இருக்கும். ஏரியில் 40 மீட்டர் வீசும்போது இந்த எண் இரண்டு மடங்காகும்.

கிளம்பிய கணத்திலிருந்து காற்று இரையைத் தடுக்கத் தொடங்குகிறது. இரை வேகம் குறைகிறது. ஸ்பூலுக்கு அது தெரியாது. தன் நிலைமத்தால் அதே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே போகும் நரம்பைவிட உள்ளே அவிழும் நரம்பு அதிகமாகிவிட, போக வழியற்ற நரம்பு ஸ்பூலுக்குள்ளேயே தளர்ந்து மடிகிறது. சிக்கின் மொத்தக் கதையும் இதுதான். இரை தரையைத் தொட்டு நின்ற பிறகும் ஸ்பூல் நிற்காமல் சுழல்வதால் வருவது இதன் இரண்டாம் வடிவம். லேசான இரையை வீசினால் தொல்லை கூடும், ஏனென்றால் காற்று அதன் வேகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். எதிர்க்காற்றில் வீசுவதும் அப்படியே. பழகுபவர்கள் 14 முதல் 18 கிராம் எடையில் தொடங்குவது நல்லது.

ரீலுக்குள்ளேயே சில பிரேக்குகளை வைத்திருக்கிறார்கள். மையவிலக்கு பிரேக்கில், ஸ்பூல் வேகமாகச் சுழன்றால் சின்னச் சின்னக் கட்டைகள் வெளிப்புறம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் கூடினால் உரசல் பல மடங்கு கூடும், எனவே வீச்சின் தொடக்கத்தில்தான் அதன் பிடி அதிகம். காந்த பிரேக் இன்னும் அழகானது. அலுமினிய ஸ்பூலைக் காந்தம் கவராது. ஆனால் காந்தத்தின் அருகே அது சுழலும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கிறது. எதுவும் எதையும் தொடுவதில்லை, தேய்வதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த லென்ஸ் விதி உள்ளங்கைக்குள் வேலை செய்வதைப் பார்க்க இதைவிட மலிவான கருவி ஏதும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாகக் கைப்பிடிப் பக்கம் ஒரு சிறு திருகு இருக்கும். அது ஸ்பூலின் அச்சை லேசாக நெருக்கும்.

புல்தரையில் செய்யவேண்டிய முதல் வேலை அந்தத் திருகைச் சரிசெய்வது. கோலை நீட்டி, இரையைத் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். இரை தடதடவென்று விழக்கூடாது. மெல்ல இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்க வேண்டும். எடையை மாற்றினால் இதைத் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். காந்த பிரேக்கை முதலில் முழுக்க ஏற்றி வைத்து, கை பழகப் பழக ஒவ்வொரு படியாகக் குறைக்கலாம். எல்லா பிரேக்கையும் ஏற்றி வைத்தே காலம் தள்ளலாமே என்றால், தள்ளலாம். தூரமும் வராது, விரலும் கற்றுக்கொள்ளாது.

ஏனென்றால் கடைசி பிரேக் கட்டைவிரல்தான். ஸ்பூலின் மேல் அழுத்தியிருக்கும் விரல் வீச்சின் நடுவில் விலகுகிறது. முழுக்க விலகாமல், ஓடும் நரம்பை உரசியும் உரசாமலும் இருக்கிறது. நரம்பு உப்பத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன் விரலுக்குத் தெரிந்துவிடும். இரை தரையைத் தொடுவதற்குக் கணநேரம் முன்பு விரல் அழுந்தி ஸ்பூலை நிறுத்திவிட வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. தினமும் பத்து நிமிடம் வீசினால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வீசினால் விரல் காய்ப்பதுதான் மிச்சம்.

ஒரு தந்திரம் உண்டு. வீசப்போகும் தூரத்தைவிட ஐந்தாறு மீட்டர் கூடுதலாக நரம்பை உருவி வெளியே போட்டுவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, உருவியதைத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே இறங்காது. விழுந்த சிக்கைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். கட்டைவிரலால் ஸ்பூலை இறுக அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, பிறகு நரம்பை மெல்ல உருவினால் பாதிச் சிக்குகள் தாமாகவே விட்டுவிடும். பழகுவதற்கு ஒற்றைத் தங்கூசி நரம்பே நல்லது. பின்னல் நரம்பு சிக்கினால் பிரிப்பது கடினம், விலையும் அதிகம்.

முள்ளைக் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பயிற்சிக் குண்டு கடையில் கிடைக்கும். சிமென்ட் தரை நரம்பைச் சுரண்டும், புல் நல்லது. தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். இதில் பலரது உயிரே போயிருக்கிறது.

குறிக்கு ஒரு பழைய டயரோ வாளியோ போதும். தலைக்கு மேலாக வீசுவதா, பக்கவாட்டில் வீசுவதா என்பதையும் ஒரு கணக்கே சொல்லிவிடும். கையும் கோலும் சேர்ந்து இரண்டரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நுனி நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் திரும்பும்போது, விரலை விடுவதில் நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினால் திசை சுமார் மூன்று பாகை மாறும். 12 மீட்டர் தள்ளி அது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பக்கவாட்டு வீச்சில் இந்தப் பிசகு முழுவதும் இடம் வலமாகப் போய்விடும். அதைத் திருத்த வழியில்லை. தலைக்கு மேலாக வீசினால் அதே பிசகு உயரத்தில்தான் போகும், திசை மாறாது. உயரமாகப் போன இரையைக் கட்டைவிரலால் பிடித்து இறக்கிவிடலாம். குறிக்குச் சற்று அப்பால் நோக்கி வீசி, வாளிக்கு மேலே வரும்போது நிறுத்துவது என்ற பழக்கம் இதிலிருந்து வந்ததுதான்.

இதையே விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில், மீன் பிடிக்க அல்லாமல் வீசிப் பழகுவதற்கென்றே 1930களில் கட்டிய குளங்கள் இன்றும் இருக்கின்றன. பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் தேசிய வீச்சுப் பட்டங்களைக் குவித்த ஸ்டீவ் ரஜெஃப் சிறுவனாகப் பழகியது அங்கேதான். ஐரோப்பியப் போட்டிகளில் குண்டு வீசுவதற்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. புல்வெளியில் வட்டங்கள் வரைந்த விரிப்பைப் போட்டு, ஏழரை கிராம் குண்டால் அதன் நடுவை அடிக்கிறார்கள்.

புல்தரையால் கற்றுக்கொடுக்க முடியாதவையும் இருக்கின்றன. ஃப்ளை காஸ்டிங்கில் ‘ரோல் காஸ்ட்’ என்று ஒன்று உண்டு. பின்னால் மரம் இருக்கும் இடத்தில், நரம்பைப் பின்னுக்கு எறியாமலே முன்னால் உருட்டி விடுவது அது. கிடக்கும் நரம்பைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால்தான் கோல் வளையும். புல் அப்படிப் பிடிக்காது. நரம்பு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நனைந்த நரம்பின் எடையும், படகின் ஆட்டமும், எதிர்க்காற்றும் கொல்லையில் கிடைக்காது. முதல் தடவை ஏரிக்குப் போகும்போது காந்த பிரேக்கை இரண்டு படி ஏற்றி வைத்துக்கொண்டு போங்கள்.