கடன் கேட்கும்போது லாபம் ஏன் கூடுகிறது?



பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். அதில் தப்பில்லை. ஆனால் சுவர் விரிசலை மறைக்கப் பூசினால்? கம்பெனிகள் வெளியாரிடம் பணம் திரட்டும்போதும் இந்த ஆசை வரும். லாபம் அதிகமாகத் தெரிந்தால் பங்கு நல்ல விலைக்குப் போகும், கடனும் சுலபமாகக் கிடைக்கும்.

எப்படிக் கூட்டிக் காட்டுவார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா செய்யும் ஒரு குழு என்று வச்சுக்குவோம். மார்ச் மாத விற்பனை 50,000 ரூபாய். பால், சர்க்கரை, விறகு எல்லாம் சேர்த்துச் செலவு 44,000. உண்மை லாபம் 6,000. அடுத்த வாரம் வங்கி மேனேஜர் கணக்குப் பார்க்க வருகிறார். ராஜபாளையம் கடைக்கு ஏப்ரலில் அனுப்ப வேண்டிய 10,000 ரூபாய் சரக்கை மார்ச் விற்பனையிலேயே எழுதுகிறார்கள். பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கி 4,000 ரூபாயைச் செலவில் எழுதாமல் விடுகிறார்கள். இப்போ லாபம் 20,000!

கடன் கிடைத்துவிடும். ஆனால் ஏப்ரலில் அந்தச் சரக்கை மறுபடி விற்பனையாக எழுத முடியாது. பால் பாக்கியும் கொடுக்கணும். வங்கித் தவணையும் வந்து நிற்கும். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் எழுத வேண்டிவரும்.

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. நம் நாட்டிலும், 2001 முதல் நியூயார்க்கிலும் அதன் பங்குகள் விற்கப்பட்டன. நிர்வாகக் குடும்பம் தன் பங்குகளை அடகு வைத்தும் கடன் வாங்கியிருந்தது. லாபம் குறைந்தால் பங்கு விலை விழும், கம்பெனி கைமாறிவிடும் என்ற பயம் இருந்தது. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதித் தப்பை ஒப்புக்கொண்டார். 2008 ஜூலை முதல் செப்டம்பர் வரை 649 கோடி ரூபாய் லாபம் காட்டியிருந்தார்கள். உண்மையில் 61 கோடிதான். கையிருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. சிறு வித்தியாசமாக ஆரம்பித்து வருஷா வருஷம் வளர்ந்ததாக அவரே எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது. பங்கு வாங்கிய சாதாரண மக்களின் சேமிப்பு கரைந்தது. 2015-ல் நீதிமன்றம் அவருக்கு 7 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

நம் குழுக் கடனுக்கு எல்லா உறுப்பினரும் பொறுப்பு. அதனால் கடன் மனு போடும் முன் கூட்டத்தில் நோட்டை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதிய சரக்கு உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா? யாருக்கு எவ்வளவு பாக்கி? ரொக்கப் புத்தகமும் பாஸ்புக்கும் ஒத்துப்போகிறதா? ஊக்குநர் நம்ம அக்காதானே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். லாபம் 6,000 என்றால் 6,000 என்றே எழுதுவோம். அதற்கேற்ற கடன் வாங்கினால்தான் தவணை கட்ட முடியும்.