முருகைக்கல்லுக்கு எவ்வளவு வெயில்?

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், முள்ளிவாய்க்காலில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கம்பின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கிடக்கும் மணலைப் பார்க்கக் கண் கூசும். அந்நேரம் நீர்மட்டத்தில் விழும் ஒளியைப் 'பார்' (PAR) மானியால் அளந்தால் எண் 2000-ஐ நெருங்கும். வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவருக்கோ அதில் பத்திலொன்றே பெரும்பாலும் போதும்.

எங்கள் பக்கத்தில் முருகைக்கல் என்று சொல்லும் பவளத்தைக் கல்லென்றே நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. அந்த உயிர்களின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சமைக்கும் உணவின் பெரும்பங்கு வீட்டுக்காரருக்குப் போகிறது. ஆக, தொட்டிக்கு விளக்குப் போடுவது குடியிருப்பவனுக்கு அடுப்பு மூட்டிக்கொடுப்பது.

'பார்' என்பது பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு. ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோலில் சொல்வது. போனிலுள்ள லக்ஸ் மானியை இதற்கு நம்பக்கூடாது. லக்ஸ் மனிதக் கண்ணுக்காக வகுத்த கணக்கு. பச்சையைக் கூட்டியும் நீலத்தைக் குறைத்தும் எண்ணும். கடலோ சிவப்பை முதற் சில மீற்றரிலேயே விழுங்கிவிட்டு நீலத்தைத்தான் கீழே அனுப்புகிறது. பவளத்தின் பாசி நீலத்துக்குப் பழகியது. நீல எல்.இ.டி. எரியும் தொட்டி நமக்கு மங்கலாகத் தெரியும். உள்ளே பவளம் வெந்துகொண்டிருக்கலாம்.

வளர்ப்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது இது: காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையானவற்றுக்கு 50 முதல் 100. சதைப்பற்றான பெரிய வாய்ப் பவளங்களுக்கு 100 முதல் 150. கிளைவிடும் அக்ரோபோராவுக்கு 250 முதல் 350. இவை வேதவாக்கல்ல. ஒரே தொட்டியில் மேல்தட்டுக்கும் அடிமணலுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வருவதுண்டு.

எண்ணைவிட முக்கியம் வேகம். மிளகாய் நாற்றுக்குக் கிடுகால் நிழல் கட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலக்குகிறோமே, அதே வேலைதான். புதிதாக வந்த பவளத்தை அடியில் வைத்து, விளக்கைக் குறைத்து, நாளுக்கு எட்டு மணித்தியாலம் எரியவிட்டு, நாலைந்து வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். ஒளி போதாவிட்டால் நிறம் கபிலமாகும், உடல் மேல்நோக்கி நீளும். அது பசி, மரணமல்ல. மிஞ்சினால் நிறம் வெளிறும், வாய்கள் மூடிக்கொள்ளும். பாசி நச்சு ஒட்சிசனை உமிழ, பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டில் ஒன்றில் தவறத்தான் வேண்டுமென்றால், குறைவான பக்கமே தவறுவேன்.

வெப்பமும் சேர்ந்தால் நிலைமை மோசம். 1998-இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் முருகைக்கற்கள் வெளுத்தன. தொட்டி நீர் 24 முதல் 27 பாகைக்குள் நிற்க வேண்டும். வன்னியின் தகரக் கூரைக்குக் கீழே குளிரூட்டி இல்லாமல் அது நடக்காது. இன்னொன்று: இலங்கையில் முருகைக்கற்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வலையில் சிக்கியது என்றாலும் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டையே வாங்கலாம்.

கரண்ட் போனால் விளக்கைப் பற்றிப் பதற வேண்டியதில்லை. மாரி வானம் மூன்று நாள் மூடிக் கிடந்தாலும் கடலிலுள்ளவை பொறுத்துக்கொள்கின்றன. நீரை அசைக்கும் பம்ப் நிற்பதுதான் ஆபத்து. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.